இரண்டு கன அடி ஆறு

கல்வராயன் மலை அருவிகளுக்குக் குளிக்கப் போகிறவர்களுக்கு அங்கே கிடைக்கும் முதல் உபதேசம், "பாத்துக் கால வைங்க, வழுக்கும்." பெரியார் அருவியானாலும் மேகம் அருவியானாலும் இதில் மாற்றமில்லை. நாமும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் தோளைப் பற்றிக்கொண்டு, பாறையில் படிந்த பாசியைத் திட்டியபடியே இறங்குகிறோம். அந்த வழுவழுப்பைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்ன ஆள் கிடையாது.

சொல்லத்தான் வேண்டும். பாறையை வழுக்க வைப்பது வெறும் பாசி அல்ல. பாக்டீரியாக்களும் நுண்பாசிகளும் ஒற்றைச்செல் உயிர்களும் தாமே சுரந்த பசையில் ஒட்டிக்கொண்டு கட்டியிருக்கும் குடியிருப்பு அது. உயிர்ப்படலம் என்று அதற்குப் பெயர். உதிர்ந்த இலையின் சாறு, விலங்குகளின் எச்சம், மாட்டுச் சாணம் என்று தண்ணீரோடு எது வந்தாலும் பிடித்துத் தின்பதே அவற்றின் பிழைப்பு. தின்றதைச் செரிக்க ஆக்சிஜன் வேண்டும். அதை அருவி கொடுக்கிறது. பாறையில் மோதிச் சிதறும்போதெல்லாம் தண்ணீர் காற்றைக் கொஞ்சம் விழுங்கிக்கொண்டுதான் மறுபடி ஓடுகிறது. மலையடிவாரத்துக்கு வந்து சேரும் நீர் கண்ணாடிபோல இருப்பதற்கு இந்த இரண்டும்தான் காரணம்: வழுக்கும் பாறை, மோதும் தண்ணீர். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்று நாம் கோடிக்கணக்கில் செலவு செய்து கட்டுவதில் இருப்பதும் இந்த இரண்டுதான். பல கிலோமீட்டர் ஓடையைச் சுருட்டி ஒரு தொட்டிக்குள் வைத்திருக்கிறோம், அவ்வளவே.

இந்த மலையின் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தால் கதை இன்னும் விளங்கும். கிழக்கே இறங்கும் கல்படை, பொட்டியம் போன்ற ஓடைகள் கச்சிராயபாளையத்துக்கு அருகே கோமுகி அணையில் சேருகின்றன. 46 அடி உயரம், சுமார் 560 மில்லியன் கன அடி கொள்ளளவு. தமிழ்நாட்டு அணைகளின் வரிசையில் சின்னப் பிள்ளைதான், ஆனால் கள்ளக்குறிச்சி வட்டாரத்தின் நெல்லும் கரும்பும் அதை நம்பி இருக்கின்றன. அணைக்குக் கீழே கோமுகி ஆறு கள்ளக்குறிச்சியைத் தொட்டுக்கொண்டு போய், மணிமுக்தாற்றில் கலக்கிறது. மணிமுக்தாறு விருத்தாசலத்தைத் தாண்டி, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது.

அதே மலையின் சேலம் பக்கச் சரிவில் இறங்கும் கரியகோவில் ஆறு வேறு வழி பிடித்து, வசிஷ்ட நதியில் சேர்கிறது. வசிஷ்ட நதி ஆத்தூர், தலைவாசல் வழியே போய், சுவேத நதியோடு கூடி வெள்ளாறு ஆகிறது. ஆக, ஒரே மலையில் பெய்த மழை இரண்டு வழியாகப் பிரிந்து, கடலுக்கு முன்னால் மறுபடி ஒன்று சேர்கிறது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல. அதில் ஒரு பிள்ளையின் கதை நாடறிந்தது.

2018இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க மாசடைந்த 351 ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை ஆறு. காவிரி, பவானி, தாமிரபரணி, சரபங்கா, திருமணிமுத்தாறு, கூடவே நம் வசிஷ்ட நதி. மணிவிழுந்தானிலிருந்து தியாகனூர் வரையிலான பகுதி. (தியாகனூரில் வயலுக்கு நடுவே பழைய புத்தர் சிலைகள் உண்டு. சாந்தமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.) அந்தப் பகுதியில் பிஓடி அளவு லிட்டருக்கு 230 முதல் 675 மில்லிகிராம் என்று பதிவாகியிருந்தது. குளிக்கத் தகுந்த ஆற்று நீரில் இது 3ஐத் தாண்டக்கூடாது. சாதாரண ஊர்ச் சாக்கடையிலேயே 250 சுமாருக்குத்தான் இருக்கும். அதாவது, அளந்த நேரத்தில் அந்த ஆறு பல சாக்கடைகளைவிடக் கெட்டியாக இருந்திருக்கிறது. 2022இல் வந்த அடுத்த பட்டியலிலும் வசிஷ்ட நதி இருந்தது.

பிஓடி என்ற இந்த மூன்றெழுத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்று பாடநூல் சொல்லும். பெயரிலேயே இருக்கிறது: இது அழுக்கின் எடை அல்ல, அழுக்கைத் தின்று தீர்க்க பாக்டீரியாக்கள் கேட்கும் ஆக்சிஜனின் எடை. தண்ணீரை ஒரு பாட்டிலில் காற்றுப் புகாமல் மூடி, இருட்டில் வைத்துவிட்டு, சில நாள் கழித்து எவ்வளவு ஆக்சிஜன் காணாமல் போயிருக்கிறது என்று பார்ப்பார்கள். பாக்டீரியாக்கள் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு வந்த பில் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆற்றில் அந்தப் பில்லைக் கட்ட எவ்வளவு பணம் இருக்கிறது? 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் சூடாகச் சூடாக இன்னும் குறையும். மீன் உயிரோடு இருக்க 4 மில்லிகிராமாவது வேண்டும். ஆக, செலவழிக்கக் கையில் இருப்பது 3.5. ஒரு லிட்டர் சாக்கடை 250 கேட்கிறது. ஒரு லிட்டர் சாக்கடையைத் தாங்க 70 லிட்டருக்கு மேல் நல்ல தண்ணீர் வேண்டும் என்று கணக்கு வருகிறது. மேலிருந்து காற்று மறுபடி கரைவதையும் சேர்த்தால் இது கொஞ்சம் இறங்கும். ஆனால் அந்த மறுகரைதல் சமவெளியில் மெதுவாகத்தான் நடக்கும். மலையில் இருந்த மோதலும் சிதறலும் இங்கே இல்லை.

மீன்கள் கழிவு விழும் இடத்திலேயே சாவதில்லை, சற்றுத் தள்ளிச் செத்து மிதக்கின்றன. பாக்டீரியாக்கள் பெருகிச் சாப்பிட்டு முடிக்க நேரம் பிடிக்கிறது. அதற்குள் தண்ணீர் சில கிலோமீட்டர் போய்விடுகிறது. அங்கேதான் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்கும். அதைத் தாண்டினால் மெல்ல ஏறும். இந்த இறங்கி ஏறும் கோட்டை 1925இல் அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றை ஆராய்ந்து ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் கணிதச் சமன்பாடாக எழுதினார்கள். "கழிவை விட்டது அவன், மீன் செத்தது எங்கள் ஊரில்" என்று கீழ்மடை விவசாயிகள் சொல்வதன் அறிவியல் வடிவம் அது.

வசிஷ்ட நதிக்கு அந்த நிலை வந்ததற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன: ஊர்க் கழிவுநீர், சேகோ ஆலைக் கழிவுநீர். ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம் பக்கம் போனவர்களுக்கு அந்தப் புளித்த வாடை தெரிந்திருக்கும். மரவள்ளிக் கிழங்கைத் தோல் நீக்கி அரைத்து, பால் பிழிந்து, தொட்டியில் மாவைத் தெளியவிட்டு எடுத்துத்தான் ஜவ்வரிசி செய்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு என்றே 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கல்வராயன் மலையில் சாமை, தினையோடு மரவள்ளியும் விளைகிறது. ஆகவே மலையின் தண்ணீர் மட்டுமல்ல, மலையின் கிழங்கும் இந்த ஆற்றுக்கு வருகிறது என்று சொல்லலாம். அரைத்தபின் மிஞ்சும் நார்ச்சக்கையான திப்பி மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடும். மிஞ்சும் தண்ணீர்தான் தலைவலி.

அந்தத் தண்ணீரில் மரவள்ளிக்கே உரிய சயனைடு சிறிதளவு உண்டு. ஆனால் ஆற்றைக் கொல்வது பெரும்பாலும் அது அல்ல. மாவும் சர்க்கரையும்தான். பாக்டீரியாவுக்கு இதைவிட நல்ல பாயசம் கிடைக்காது. ஒரே நேரத்தில் எல்லாம் பந்தியில் உட்கார்ந்துவிடும். ஆற்றில் உள்ள ஆக்சிஜன் முழுக்க முதல் பந்தியிலேயே தீர்ந்துவிடும். விஷம் வைத்தால்தான் ஆறு சாகும் என்பதில்லை. விருந்து வைத்தாலும் சாகும்.

இந்த விருந்தையே வேறு விதமாகப் பரிமாறலாம். காற்றுப் புகாத மூடிய குளத்தில் இந்தக் கழிவுநீரை நிறுத்தினால், ஆக்சிஜன் இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் வேலையை எடுத்துக்கொண்டு மீத்தேன் வாயு தருகின்றன. நம் சாண எரிவாயுக் கலனில் நடப்பதேதான். சேலம் வட்டாரத்தில் பல சேகோ ஆலைகள் இந்த வாயுவில் மின்சாரம் எடுத்து, ஆலைக்கே பயன்படுத்துகின்றன. ஆற்றுக்குப் போனால் 675, ஜெனரேட்டருக்குப் போனால் கரன்ட் பில் மிச்சம். இதற்குமேல் ஒரு தொழிலதிபருக்கு விளக்கம் தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன். மீத்தேன் எடுத்த பிறகும் அந்தத் தண்ணீர் ஆற்றுக்குத் தகுந்ததாகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்; அதன்பின் காற்றூட்டும் வேலை பாக்கி இருக்கிறது.

காற்றூட்டும் வேலை எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பது சுவையான கதை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரம், 1914. டேவிஹுல்ம் கழிவுநீர் நிலையத்தில் எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இரண்டு வேதியியலாளர்கள். சாக்கடை நீரைப் பாட்டிலில் ஊற்றி, உள்ளே காற்றை ஊதிக்கொண்டே இருந்தார்கள். முழுதாகத் தெளிய ஐந்து வாரம் ஆனது. ஐந்து வாரம் பிடித்தால் எந்த ஊருக்கும் உதவாது. இதற்கு முன்னால் முயன்றவர்கள் அடியில் தங்கிய சகதியைக் கழுவிக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது வழக்கம். இவர்கள் கொட்டவில்லை. மேலே தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடிச் சகதியை அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் புதுச் சாக்கடையை ஊற்றி மறுபடி காற்றை ஊதினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரு நாளுக்குள் வேலை முடிந்தது.

நம் வீட்டுப் பெண்களிடம் இதைச் சொன்னால் "இதிலென்ன அதிசயம்?" என்பார்கள். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து வைக்காமல் யாராவது பாலை உறையவிடுவார்களா? அந்தச் சகதிதான் உறைமோர். தின்று கொழுத்து, வேலைக்குப் பழகிய பாக்டீரியாக் கூட்டம் அதில் இருக்கிறது. ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் என்று அதற்கு அவர்கள் பெயர் வைத்தார்கள். உலகின் பெரும்பாலான சுத்திகரிப்பு நிலையங்கள் இன்றுவரை இந்த உறைமோரில்தான் ஓடுகின்றன. மான்செஸ்டர் ஆய்வுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபவுலர், அடுத்த இரண்டே ஆண்டில், 1916இல், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். இந்தத் தொழில்நுட்பம் நமக்கு ஏதோ நேற்று இறக்குமதியான சமாசாரம் அல்ல.

ஒரு நிலையத்துக்குள் நுழைந்தால் முதலில் கம்பித் தடுப்பு. பிளாஸ்டிக் பை, துணி, ஷாம்பு சாஷே, தலைமுடி எல்லாம் அங்கே சிக்கும். அடுத்து மணல் தங்கும் தொட்டி. பிறகு ஏரேஷன் டேங்க். அடியிலிருந்து புளோயர் காற்றை அடிக்க, சாம்பாரைப்போல் கொதித்துப் புரளும் பழுப்புத் தண்ணீர். அருவிப் பாறையின் வழுவழுப்பு இங்கே பாறையை விட்டு இறங்கிச் சிறு சிறு திரளாக மிதக்கிறது. அங்கிருந்து கிளாரிஃபையர் தொட்டி. அதில் சலனமில்லை, திரள்கள் தம் கனத்தாலேயே கீழே படிய, மேலே தெளிந்த நீர் விளிம்பில் வழிகிறது. படிந்ததில் ஒரு பகுதி உறைமோராகத் திரும்ப ஏரேஷன் டேங்குக்கு. மீதி உலர்த்தும் படுகைக்கு. வெளியேறும் நீருக்கு இறுதியில் குளோரினோ புறஊதா ஒளியோ கொடுத்து நோய்க்கிருமிகளை ஒடுக்குகிறார்கள்.

இவ்வளவையும் கருவிகள் காட்டிக்கொண்டிருந்தாலும், அனுபவமுள்ள ஆபரேட்டர் நம்புவது ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவையைத்தான். ஏரேஷன் டேங்கிலிருந்து ஒரு குடுவை மொண்டு வந்து மேசையில் வைத்து, அரை மணி நேரம் பார்ப்பார். சகதி ஒழுங்காக இறங்கி, மேலே தெளிந்த நீர் நின்றால் நிலையம் நலம். இறங்காமல் பஞ்சுபோல் பொங்கி நின்றால் இழைபோல் வளரும் பாக்டீரியாக்கள் கை ஓங்கிவிட்டன என்று பொருள். நிறம் சாக்லேட் பழுப்பாக இருக்க வேண்டும். கறுத்தால் காற்று போதவில்லை. நல்ல நிலையத்தின் ஏரேஷன் டேங்க் நாறாது, முதல் மழைக்குப் பின் மண்ணில் எழும் வாடைக்கு அது நெருங்கியது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் வார்ட்டிசெல்லா என்ற உயிர் காம்பின் நுனியில் மணிபோல ஆடிக்கொண்டிருக்கும். அது நிறைய இருந்தால் அன்றைக்கு ஆபரேட்டர் நிம்மதியாக டீ குடிக்கலாம்.

டீ குடிக்க முடியாத நாள் கரன்ட் போகும் நாள். நிலையத்தின் மின்செலவில் பாதிக்கு மேல் காற்றை ஊதுவதற்கே போகிறது. புளோயர் நின்றால் சில மணி நேரத்தில் உயிர்கள் திணறத் தொடங்கும். மலையில் இந்த வேலையைப் புவியீர்ப்பு இலவசமாகச் செய்தது என்பதை மறந்துவிடக் கூடாது. சிறிய ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் கட்டிய நிலையத்தை ஓட்ட முடியாமல் தவிப்பதற்கு முதல் காரணம் அறிவியல் அல்ல, மின்கட்டணம். நாட்டளவில் பார்த்தால், 2021இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட கணக்குப்படி, நகரங்களில் நாளொன்றுக்கு உருவாகும் கழிவுநீர் சுமார் 7,237 கோடி லிட்டர். அதற்காக நிறுவியுள்ள நிலையங்களின் திறன் சுமார் 3,184 கோடி. உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது சுமார் 2,024 கோடி. கட்டியதில்கூட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேலையில்லாமல் நின்றது.

இனி கள்ளக்குறிச்சிக்கு வருவோம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து மாவட்டத் தலைநகரான ஊர். 2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை 50 ஆயிரத்தைச் சற்றுத் தாண்டியது. கணக்குக்கு 50 ஆயிரம் என்றே வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நூறு லிட்டர் கழிவுநீர் என்றால் நாளொன்றுக்கு 50 லட்சம் லிட்டர். பொதுப்பணித்துறைக்காரர்கள் மொழியில் சொன்னால், நொடிக்கு இரண்டு கன அடி. அணை திறப்பைப் பற்றி நாளிதழில் படிக்கிறவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். இரண்டு கன அடியை யாரும் செய்தியாகப் போட மாட்டார்கள். ஆனால் முன்பு சொன்ன கணக்கில் பொருத்திப் பாருங்கள். இந்த இரண்டு கன அடிச் சாக்கடை சுத்திகரிக்கப்படாமல் ஆற்றில் இறங்கினால், மீன் பிழைக்க 140 கன அடி நல்ல தண்ணீர் ஓட வேண்டும். சுத்திகரித்து பிஓடியை 10க்குக் கொண்டுவந்து விட்டால் ஆறு கன அடி போதும். சுத்திகரிப்பு நிலையம் ஆற்றுக்குச் செய்யும் உதவியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்த ஆறு கன அடியாவது கோமுகியில் எப்போதும் ஓடுகிறதா? இங்கேதான் நம் ஊர்ப் பிரச்சினை இங்கிலாந்துப் பிரச்சினையிலிருந்து விலகுகிறது. கோமுகி வற்றாத ஆறு அல்ல. வடகிழக்குப் பருவமழையில் அணை நிரம்பிப் பாசனத்துக்குத் திறக்கும் மாதங்களில் ஓடும். சித்திரை வைகாசியில் மணலும் முள்ளும்தான். அப்போது அதில் இறங்கும் இரண்டு கன அடி ஆற்றில் கலப்பதில்லை. அந்த இரண்டு கன அடிதான் ஆறு.

இதைப் புரிந்துகொள்ள ஒரு நூற்றாண்டு பின்னால் போக வேண்டும். பிரிட்டன் 1898இல் சாக்கடை அகற்றல் பற்றி ஓர் அரச ஆணையத்தை நியமித்தது. 1912இல் வந்த அதன் எட்டாவது அறிக்கை உலகம் இன்றுவரை சுமக்கும் ஓர் எண்ணைத் தந்தது: வெளியேறும் நீரில் பிஓடி 20க்கு மேல் போகக்கூடாது. ஏன் 20? அதற்குப் பின்னால் ஒரு தெளிவான கணக்கு இருந்தது. ஆற்றில் பிஓடி 4ஐத் தாண்டினால் நாற்றம் முதலான தொல்லைகள் தொடங்குகின்றன. சுத்தமான ஆற்றில் சுமார் 2 இருக்கும். ஒரு பங்கு கழிவுநீர் எட்டுப் பங்கு ஆற்று நீரோடு கலந்தால், 20 உள்ள கழிவுநீர் கலவையைச் சரியாக 4க்குக் கொண்டுவந்து நிறுத்தும். எட்டு மடங்கு ஆற்று நீர் என்பது அந்தக் கணக்கின் அச்சாணி. தேம்ஸ் போன்ற ஆறுகள் ஆண்டு முழுக்க ஓடும் நாட்டில் அது நியாயமான அச்சாணி. பிஓடி சோதனைக்கு ஐந்து நாள் என்று வைத்ததற்கும், பிரிட்டனின் ஆறுகள் கடல்சேர ஐந்து நாளுக்கு மேல் ஆகாது என்ற காரணத்தைச் சொல்வார்கள்.

நாம் அந்தச் சோதனையை நம் ஊர் வெப்பத்துக்கு மாற்றிக்கொண்டோம். 20 டிகிரியில் ஐந்து நாள் என்பதை இந்தியத் தரநிர்ணயம் 27 டிகிரியில் மூன்று நாள் என்று திருத்தியது. நம் பாக்டீரியாக்களுக்குச் சூட்டில் பசி அதிகம். நல்ல திருத்தம். ஆனால் எட்டு மடங்கு நீர் என்ற நிபந்தனையை மட்டும் வழியில் எங்கேயோ தொலைத்துவிட்டோம். சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் கீழ் ஆறு, ஏரிகளில் விடும் கழிவுநீருக்குப் பல காலம் பொது வரம்பாக இருந்தது 30. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா, மணல் ஓடுகிறதா என்று அந்த எண் கேட்பதில்லை.

வற்றிய கோமுகியில் பிஓடி 30 உள்ள நீரைச் சட்டப்படி விட்டால் என்ன ஆகும்? ஆற்றின் பிஓடியே 30 ஆகும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாசுப் பட்டியலில் ஐந்து படிநிலைகள் உண்டு. 30க்கு மேல் போனால் முதல் நிலை, அதாவது மிக மோசம். 20 முதல் 30 வரை இரண்டாம் நிலை. ஒரு சுத்திகரிப்பு நிலையம் விதியை அணுவளவும் மீறாமல், வேறு யாரும் ஒரு சொட்டுக் கழிவும் விடாமல் இருந்தாலும், நம் ஆறு இரண்டாம் நிலையில் உட்கார்ந்துவிடும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரலில் இந்த வரம்பை 10க்கு இறக்கச் சொன்னது. அதுவே கடுமை, செலவு கட்டுப்படியாகாது என்று புலம்பியவர்கள் உண்டு. 10ஆக இறக்கினாலும் வற்றிய ஆற்றில் குளிப்பதற்கான 3க்கு மூன்று மடங்கு மேலேதான் நிற்கிறோம்.

ஆகவே கோமுகி, மணிமுக்தா, வசிஷ்ட நதி போன்ற ஆறுகளுக்கு என் கட்சி இதுதான்: வெயில் காலத்தில் சுத்திகரித்த நீரை ஆற்றில் விடுவதையே முதல் யோசனையாக வைத்துக்கொள்ளக் கூடாது. அதை வயலுக்கு அனுப்ப வேண்டும். ஆற்றுக்குத் தொல்லையாக இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வயலுக்கு உரம். ஏரியில் போனால் ஆகாயத்தாமரையை வளர்க்கும் அதே சத்து, கரும்பில் போனால் தோகையை வளர்க்கும். நெல்லுக்கு அளவு பார்த்துத்தான் விட வேண்டும், நைட்ரஜன் மிஞ்சினால் பயிர் உயர்ந்து சாய்ந்துவிடும். அணை மூடிய மாதங்களில் நிற்காமல் கிடைக்கும் இரண்டு கன அடி என்பது விவசாயிக்குச் சின்ன விஷயம் அல்ல. இஸ்ரேல் தன் கழிவுநீரில் பெரும்பகுதியை இப்படித்தான் விவசாயத்துக்குத் திருப்புகிறது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பக்கத்துப் புதுச்சேரியில் அரவிந்த் கண் மருத்துவமனை தன் கழிவுநீரைக் காற்றில்லாத் தொட்டிகளிலும் செடி நட்ட சரளைப் படுக்கைகளிலும் சுத்தம் செய்து, தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறது. அதில் பெரிய புளோயர் கிடையாது, ஆகவே பெரிய மின்கட்டணமும் கிடையாது. இடம் அதிகம் பிடிக்கும், அவ்வளவுதான். சிறிய ஊர்களில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் குழாய் வழியே நிலையத்துக்கு வந்து சேரும் நீரைப் பற்றி. தமிழ்நாட்டின் சிறிய நகரங்களில் பெரும்பாலான வீடுகளுக்கு அந்தக் குழாயே கிடையாது. செப்டிக் டேங்க்தான். பல வீடுகளில் அந்தப் பெயரும் மரியாதைக்குச் சொல்வது. வெறும் உறை இறக்கிய குழி. குளியல், பாத்திரம் கழுவும் நீர் தெருக் கால்வாயில் போகும், கால்வாய் தாழ்வான இடத்தைத் தேடும், தாழ்வான இடத்தில் ஆறு இருக்கும். டேங்க் நிரம்பினால் லாரி வரும். லாரியில் ஏறும் சகதி, ஊர்ச் சாக்கடையைவிடப் பல மடங்கு கெட்டி. நிலையத்தையே கட்டி வைத்துவிட்டு இந்த லாரிகளை மறந்துவிட்டால், முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதைதான்.

தமிழக அரசு இதற்கென்று 2014இல் செப்டேஜ் மேலாண்மை வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சென்னைக்குத் தெற்கே கருங்குழி பேரூராட்சியில் மாநிலத்தின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017இல் வந்தது. பக்கத்து மதுராந்தகத்தின் லாரிகளும் அங்கே வருகின்றன. இத்தகைய நிலையங்களில் வேலை எளிது. மணலும் சரளையும் பரப்பிய படுக்கையில் சகதியை ஊற்றி, வெயிலில் காயவிடுகிறார்கள். கீழே வடியும் நீர் செடிகள் நட்ட சரளைப் படுக்கை வழியே போய்த் தெளிகிறது. காய்ந்த கசடைப் பக்குவப்படுத்தினால் எரு. வெயிலைப் பொறுத்தவரை கள்ளக்குறிச்சி யாருக்கும் சளைத்த ஊர் அல்ல.

லாரி ஒழுங்காக நிலையத்துக்குப் போவதில் இன்னொரு நன்மையும் உண்டு. பம்ப் வைத்த வண்டியும் அதைக் கணக்கில் எழுதும் நகராட்சியும் இருக்கும் ஊரில், டேங்குக்குள் ஆளை இறக்கும் குற்றம் நடக்க வாய்ப்பு குறையும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்த பிறகும், உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு ஆண்டுதோறும் ஆட்களைப் பலி வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

மலைமேல் அந்தப் பாறைகள் வழக்கம்போல் வேலை செய்துகொண்டிருக்கின்றன. கீழே நம் பங்கு ஒரு கேள்வியில் தொடங்கலாம். அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு செப்டிக் டேங்க் லாரி வந்து, ஹோஸைச் சுருட்டி முடித்ததும், பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் டிரைவரிடம் கேளுங்கள்: "அண்ணே, இத எங்க கொண்டுபோய் ஊத்துவீங்க?"